ஜூபிலியும் வரி நோட்டும்

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில், மாலைத் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



திருப்பலி முடிந்த பின்பும் வீட்டுக்குப் போகாமல் இத்தனை பேர் அமர்ந்திருப்பதைக் காண மனம் மகிழ்கிறது. இன்றைக்குச் சாமி பணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று ஊரெல்லாம் தெரிந்த பிறகும் அமர்ந்திருக்கிறீர்களே, அது இன்னும் பெரிய மகிழ்ச்சி.

கோயிலில் பணத்தைப் பற்றிப் பேசினால் கேட்கிறவருக்கும் சங்கடம், பேசுகிறவருக்கும் சங்கடம். "இந்தச் சாமியாருக்கு எப்போதும் காசு நினைப்புதான்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எங்களுக்கு உண்டு. ஆனால் நம் ஆண்டவருக்கு அந்தக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. காணாமற்போன வெள்ளிக்காசு, தாலந்துகள், கூலி வாங்கிய திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வன், கடன் மன்னிக்கப்பட்டும் பிறர் கடனை மன்னியாத ஊழியன் என்று எத்தனை உவமைகளில் பணம் வருகிறது! மனிதனுடைய மனம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு அவன் பணப்பையைப் பார்த்தால் போதும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே நாமும் இன்று கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம். முதலில் என் கணக்கைச் சொல்கிறேன். பிறகு உங்கள் கணக்குக்கு வருகிறேன்.

ஜூபிலி என்பது என்ன?

நம் பங்குக்கு ஐம்பது ஆண்டு நிறைகிறது. பொன்விழாக் குழு கூடியபோது முதலில் எழுந்த பேச்செல்லாம் கோபுரத்துக்கு மின்விளக்கு, தேருக்குப் புதிய சோடனை, வாணவேடிக்கை, இரண்டு ஊருக்குக் கேட்கும் ஒலிபெருக்கி. நான் அவற்றைக் குறை சொல்லவில்லை. வீட்டில் விசேஷம் என்றால் வாசலில் பந்தல் போடுவது நம் வழக்கம். ஆனால் பந்தல் வேறு, விசேஷம் வேறு.

ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? லேவியராகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு. அப்படி ஏழு ஏழு ஆண்டுகளாக நாற்பத்தொன்பது ஆண்டு முடிந்ததும், பரிகார நாளன்று நாடெங்கும் கொம்பு ஊத வேண்டும். வறுமையினால் விற்றுவிட்ட பூர்வீக நிலம் அந்தந்தக் குடும்பத்துக்குத் திரும்பும். வயிற்றுப்பாட்டுக்காகத் தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்று வீடு திரும்புவான். இதற்கு ஆண்டவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: நிலம் அவருடையது, மனிதர்கள் அதில் அந்நியரைப் போலக் குடியிருப்பவர்கள்.

அந்த ஐம்பதாம் ஆண்டில் இஸ்ராயேலர் கணக்கைச் சரிசெய்தார்கள். இழந்தவனுக்கு இழந்தது திரும்ப வந்தது. நாசரேத்து ஊர்த் தொழுகைக்கூடத்தில் இசையாசின் ஏட்டை விரித்து, ஆண்டவர் அருள்தரும் ஆண்டை அறிவிக்கவே தாம் வந்ததாக நம் மீட்பர் சொன்னபோது, கேட்டவர்களுக்கு இந்த ஆண்டுதான் நினைவுக்கு வந்திருக்கும்.

நம் பங்கு அலுவலகத்தில், ஞானஸ்நானப் புத்தகத்துக்குப் பக்கத்தில், சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் அது தெரியும். வரி நோட்டு. குடும்பத் தலைவர் பெயர், ஆண்டு, கட்டிய தொகை, பாக்கி. சில பக்கங்களில் பாக்கி என்ற கட்டம் மட்டும் நிறைந்திருக்கிறது. ஜூபிலி ஆண்டில் இந்த நோட்டை என்ன செய்வது? இதுதான் கடந்த சில மாதங்களாக என்னைத் தூங்கவிடாத கேள்வி.

நான் எழுதிக் கொடுத்த ரசீது

இந்தக் கேள்வி ஏன் என்னை இவ்வளவு உறுத்துகிறது என்பதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளில் ஒரு மானாவாரி ஊரில் முதன்முறையாகப் பங்குப் பொறுப்பு கிடைத்தது. குருமடத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நானும் ஒழுங்கில் மிகவும் கண்டிப்பு. ஒரு சனிக்கிழமை மாலை, கூலி வேலை செய்யும் ஒருவர் மகளின் கல்யாண ஓலை எழுத வந்தார். நான் நோட்டைப் புரட்டினேன். ஆண்டுக்கு 120 ரூபாய் வீதம் நான்கு ஆண்டு பாக்கி, 480 ரூபாய். அன்றைக்கு அது அவருக்குப் பத்து நாள் கூலி.

"சாமி, கல்யாணம் முடியட்டும், எப்படியும் கட்டிடுதேன்" என்றார்.

"விதி எல்லாருக்கும் ஒன்றுதானே ஐயா. பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள், ஓலை வாசிக்கலாம்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன். மரியாதையாகச் சொன்னதால் அநியாயம் நியாயமாகிவிடும் என்று அப்போது நினைத்திருந்தேன் போலும்.

மறுநாள் காலைப் பூசைக்கு முன்பே வந்து, மடித்து வைத்திருந்த நோட்டுகளை மேசையில் வைத்தார். எண்ணினேன். சரியாக இருந்தது. ரசீது எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஓலை வாசிக்கப்பட்டது.

திருமணத் திருப்பலியில் நற்கருணை வழங்கிக்கொண்டிருந்தேன். மணப்பெண்ணின் தாய் வந்து நின்றார். தலையை நிமிர்த்தியபோது அவர் காதுகளைப் பார்த்தேன். இரண்டு காதிலும் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தார். மகள் கல்யாணத்துக்கு வந்த தாய் காதில் குச்சியோடு நிற்கிறார். பிறகு கோயில்பிள்ளையிடம் கேட்டபோது, "வரி கட்டத்தான் சாமி, அடகு வச்சிருக்காங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மெழுகுவர்த்தி அணைக்கப் போய்விட்டார். அந்த ஊரில் அது புதிய செய்தி அல்ல என்பதை அவருடைய குரலிலிருந்து அறிந்துகொண்டேன்.

அன்று மாலையே அந்தத் தோட்டை மீட்டுக் கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. பேரவையிடம் என்ன சொல்வது, மற்றவர்களும் கேட்டால் என்ன செய்வது என்று யோசித்தே நாளைக் கடத்தினேன். பிறகு மாற்றலாகிவிட்டேன். பல ஆண்டு கழித்து அந்த ஊர்ப்பக்கம் போனபோது அந்தக் குடும்பம் பிழைப்புத் தேடி வேறெங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர் பெயருக்கு நேராக அந்த ஊர் நோட்டில் பாக்கி இல்லை. என் பெயருக்கு நேராகத்தான் இருக்கிறது.

ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக்காசு போட்டதை மாற்கு எழுதியிருக்கிறார். நாங்கள் அதை எத்தனையோ தடவை உங்களுக்குப் பிரசங்கமாகச் சொல்லியிருக்கிறோம். ஆனால் அதற்குச் சற்று முன்னால் உள்ள வசனத்தை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. நீண்ட செபம் செய்துகொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞரை ஆண்டவர் அங்கே கண்டிக்கிறார். கைம்பெண் கதை உங்களுக்கு. அந்த வசனம் எங்களுக்கு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த நற்செய்தியாளர் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

கட்டணமா, தருமமா?

அப்படியானால் கோயிலுக்குக் கொடுக்கவே வேண்டாமா? அவசரப்பட்டு மகிழ வேண்டாம்! கொடுக்கத்தான் வேண்டும். திருச்சபைக் கட்டளைகளில் அதுவும் ஒன்று என்பதைச் சிறுவயதில் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 222-ம் எண்ணும் அதையே கடமையாகச் சொல்கிறது. ஆனால் அதே தொகுப்பின் 848-ம் எண், வறுமையின் காரணமாக எவரும் தேவதிரவிய அனுமானங்களின் உதவியை இழந்துவிடாதபடி குருக்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இரண்டு சட்டமும் சேர்ந்துதான் சட்டம். முதலாவதை மட்டும் படித்துவிட்டு இரண்டாவதை மறந்ததுதான் என் பிழை.

கோயிலுக்குக் கொடுப்பதை நாம் மூன்று விதமாகத் தவறாக எண்ணுகிறோம்.

முதலாவது, கட்டணம் என்று எண்ணுவது. மின்சாரக் கட்டணம் கட்டினால் விளக்கு எரியும்; வரி கட்டினால் ஓலை வாசிக்கப்படும், அடக்கம் நடக்கும். இப்படி எண்ணுகிறவர் கல்யாணமும் சாவும் இல்லாத ஆண்டில் எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கட்டணமாக்கியது நாம்தானே!

இரண்டாவது, தருமம் என்று எண்ணுவது. ஏதோ ஏழைக் கோயில், ஏழைச் சாமியார், போனால் போகட்டும் என்று கொடுப்பது. கடைக்காரர் வாங்க மறுத்த கிழிந்த நோட்டு உண்டியலுக்கு வருவது இந்த எண்ணத்தினால்தான். குருட்டு ஆட்டையும் நொண்டி மாட்டையும் பலிக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்து, இதை உங்கள் ஆளுநரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள் பார்க்கலாம் என்ற கருத்தில் மலாக்கி இறைவாக்கினர் கேட்டார். அந்தக் கேள்வி நம் உண்டியலைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கிறது.

மூன்றாவது, பெருமை என்று எண்ணுவது. குழல்விளக்கு ஒன்று கொடுத்துவிட்டு, வெளிச்சம் வருகிற இடமெல்லாம் உபயம் என்று பெயரெழுதி வெளிச்சத்தை மறைப்பது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று ஆண்டவர் சொன்னார். நம் ஊரில் வலக்கை செய்வது ஒலிபெருக்கி வழியாக அடுத்த ஊருக்கே தெரிகிறது.

இந்த மூன்றும் இல்லையென்றால் வேறு எது? நம் திருவள்ளுவர் இதை எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார் பாருங்கள். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அதற்கு முன்பே ஒப்புரவறிதல் என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு கூடி வாழ்கிறவன் ஊருக்கு உரியதைச் செய்வது ஒப்புரவு. பங்குக்கு நாம் கொடுப்பது முதலில் ஒப்புரவு. அந்த ஒப்புரவு திரண்டு வறியவரிடம் போய்ச் சேரும்போது ஈகையாகிறது.

கிறிஸ்தவனுக்கு இதற்கும் அடியில் ஒரு காரணம் உண்டு. நாம் உரிமையாளர் அல்லர், காரியஸ்தர். வயலும் கடையும் உத்தியோகமும் பிள்ளைகளும் நம் கையில் ஒப்படைக்கப்பட்டவை. ஒரு பண்ணையின் கணக்குப்பிள்ளை முதலாளியின் நெல்லை முதலாளி சொன்ன இடத்துக்கு அளந்து போட்டால், அவனைக் கொடைவள்ளல் என்று யாரும் மாலை போடுவதில்லை. அளக்காமல் வைத்துக்கொண்டால்தான் அவனுக்கு வேறு பெயர். பூமியின் செல்வங்கள் எல்லா மனிதருக்காகவும் படைக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், இன்றைய உலகில் திருச்சபை என்ற ஏட்டின் 69-ம் எண்ணில் போதித்ததும் இதைத்தான்.

ஆதித் திருச்சபையில் இது பூசையிலிருந்து பிரிக்க முடியாத ஒன்றாக இருந்தது. ஏறக்குறைய கி.பி. 155-ல் வேதசாட்சியான புனித யுஸ்தீனார், உரோமை அரசருக்கு எழுதிய விளக்கத்தில் அக்காலத்து ஞாயிறு வழிபாட்டை வருணிக்கிறார். வாசகம், பிரசங்கம், அப்பமும் இரசமும், நன்றிச் செபம் எல்லாம் சொல்லிவிட்டு, வசதியுள்ளவர் தாம் விரும்பியதைக் கொடுக்கிறார்கள் என்றும், அது தலைவரிடம் வைக்கப்பட்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்போர், வழிப்போக்கர் ஆகியோருக்கு உதவுகிறது என்றும் கூறுகிறார். பூசை எங்கே முடிந்தது, உதவி எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது.

லியோன் நகரத்துப் பெண்கள்

"சாமி, இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு. நாங்கள் என்ன கொடுக்க முடியும்?" என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். நம் தமிழ்நாட்டுத் திருச்சபைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு.

பிரான்சு நாட்டில் லியோன் என்பது பட்டு நெசவுக்குப் பேர்போன நகரம். அங்கே 1799-ல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. தூர தேசத்து மறைபரப்புக் குருக்கள் பணமின்றித் தவிப்பதைக் கேள்விப்பட்ட அவர், பெரிய பணக்காரர்களைத் தேடிப் போகவில்லை. பட்டு ஆலையில் வேலை செய்த ஏழைப் பெண்களிடம் போனார். வாரம் ஒரு சூ கொடுங்கள், தினமும் ஒரு சிறு செபம் சொல்லுங்கள் என்றார். சூ என்பது ஒரு பிராங்கில் இருபதில் ஒரு பங்கு. மிகச் சிறிய காசு. பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். அந்தப் பொறுப்பாளர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் நூறு பேருக்கு ஒருவர். இப்படியே ஆயிரம். நம் அன்பியங்களைப் போல வைத்துக்கொள்ளுங்களேன்.

1822 மே 3-ம் நாள் இது விசுவாசப் பரப்புதல் சபையாக முறைப்படி தொடங்கப்பட்டது. உலகின் எந்த மூலையில் மறைபரப்பு நடந்தாலும் அதற்கு அந்தக் காசு போய்ச் சேர்ந்தது. பாண்டிச்சேரியிலும் மதுரை மிஷனிலும் நம் முன்னோர்க்கு ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் அப்படிப்பட்ட உதவியால் உயிர்வாழ்ந்தவர்கள்தாம். பின்னர் 1889-ல் ஜான் பிகார் என்ற பெண்மணியும் அவர் தாயாரும், மறைபரப்பு நாடுகளில் சுதேசிக் குருக்களை உருவாக்க அப்போஸ்தலர் புனித இராயப்பர் பெயரால் ஒரு சபை தொடங்கினார்கள். அத்தகைய உதவியோடு படித்த சுதேசிக் குருமாணவர்கள் ஏராளம். இன்று உங்கள்முன் நிற்கிற நானும் யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த காசில் படித்தவனே.

பவுலினுடைய முடிவு எப்படி இருந்தது தெரியுமா? தொழிலாளர் நலனுக்காக ஒரு தொழிற்சாலை நடத்த முயன்று, நம்பியவர்களால் ஏமாற்றப்பட்டு, கடனாளியாகி, 1862-ல் வறுமையில் இறந்தார். உலகத்துக்கே காசு திரட்டக் கற்றுக்கொடுத்தவர் கையில் காசில்லை. 2022 மே 22-ல் லியோன் நகரிலேயே அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் வழங்கப்பட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன்? நம் ஊர் முதியவர்கள் பால்மாவும் கோதுமையும் கப்பலில் வந்த காலத்தை நினைவு வைத்திருப்பார்கள். "சாமிக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வரும்" என்ற நம்பிக்கை அன்று பிறந்தது, இன்னும் சாகவில்லை. வெளிநாட்டுக் காசை ஒழுங்குபடுத்த 1976-ல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2010-ல் மற்றொரு சட்டமும் வந்தன. 2020-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த நாடுகளில் இன்று கோயில்கள் வெறிச்சோடுகின்றன. அங்கே திருப்பலி வைக்க நம் பிள்ளைகள்தாம் போகிறார்கள். பட்டு ஆலைப் பெண்ணின் காசை ஐந்து தலைமுறையாகச் சாப்பிட்டோம். இனி நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டிய முறை.

முதல் பிடியா, கடைசிப் பிடியா?

எப்படிக் கொடுப்பது? கொரிந்து நகரத்தாருக்குப் புனித சின்னப்பர் சொன்ன வழி மிக எளியது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்றபடி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். மூன்று சொல்லில் அடக்கலாம்: முதலில், ஒழுங்காக, வரவுக்குத் தக்கபடி.

நம் பாட்டிமார் சின்னப்பரின் நிருபத்தைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டார்கள். பிடி அரிசி. சோறு தின்று மீந்ததை அவர்கள் கோயிலுக்குக் கொடுக்கவில்லை. பொங்குமுன்பே எடுத்து வைத்தார்கள். பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில் பெரிய பிடி, இருவர் வீட்டில் சின்னப் பிடி. யாரும் அளவு கேட்கவில்லை. அந்தப் பானைதான் எத்தனையோ கோயில்களுக்கு அஸ்திவாரம்.

இப்போது நாம் மீந்ததைக் கொடுக்கிறோம். மண்டபத்துக்கும் விருந்துக்கும் நிழற்படத்துக்கும் இலட்சம் இலட்சமாகச் செலவிட்ட வீட்டில், பங்குக்கு மாதம் பத்து ரூபாய் என்றால் "இந்த மாதம் கொஞ்சம் இறுக்கம் சாமி" என்கிறார்கள். வறியவரை நான் சொல்லவில்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நன்றாக இருக்கிற நம்மைச் சொல்கிறேன்.

சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 400 குடும்பம் உள்ள ஒரு பங்கு. குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 5 ரூபாய். தெருமுனைக் கடையில் ஒரு தேநீர் குடிக்கக்கூட அது போதாது. மாதத்துக்கு 150 ரூபாய். 400 குடும்பத்துக்கு 60,000 ரூபாய். ஆண்டுக்கு 7,20,000 ரூபாய். யாரும் தோடு கழற்ற வேண்டியதில்லை. பணக்காரர் ஒருவர் காலில் போய் விழவும் வேண்டியதில்லை. எல்லாரும் கொஞ்சம் கொடுத்தால் போதும் என்பதைத்தான் பவுலின் கண்டுபிடித்தார்.

பழைய ஏற்பாட்டுப் பத்திலொரு பங்கு நம் திருச்சபையில் இன்று கட்டாயச் சட்டம் அல்ல. ஆனால் நம் வருவாயில் எத்தனையில் ஒரு பங்கு ஆண்டவருக்குப் போகிறது என்று ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் நல்லது. பலருக்கு வியப்பாக இருக்கும். சிலருக்கு வெட்கமாக இருக்கும். பணம் இல்லாதவரிடம் நேரம் இருக்கிறது, கைத்தொழில் இருக்கிறது. மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரும், கோயில் மின்கம்பியைக் கூலி வாங்காமல் சரிசெய்யும் இளைஞரும், படுக்கையில் கிடக்கும் முதியவருக்குக் கஞ்சி கொண்டுபோகும் பெண்மணியும் காணிக்கை செலுத்துகிறவர்களே.

கணக்குக் காட்ட வேண்டியவர்கள்

இனி எங்கள் பக்கம். காரியஸ்தன் என்பவன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். உங்களைக் காரியஸ்தர் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் முதலாளியாக இருந்துவிட முடியாது.

யெருசலேம் ஏழைகளுக்காகக் காசு திரட்டிய புனித சின்னப்பர் அதைத் தாமே மடியில் கட்டிக்கொண்டு போகவில்லை. சபைகள் தேர்ந்துகொண்டவர்களை உடன் அழைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் எவரும் குறைகூற இடம் வைக்கக்கூடாது, கடவுள் முன்னிலையில் மட்டுமல்ல, மனிதர் முன்னிலையிலும் காரியம் நேர்மையாக இருக்க வேண்டும் என்று எழுதினார். அப்போஸ்தலருக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது என்றால் பங்குச் சாமியாருக்கு எவ்வளவு தேவை!

திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537-ம் எண். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த பணத்தை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது 1267-ம் எண். மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287-ம் எண். கணக்குக் கேட்பவரைக் கலகக்காரர் என்று எண்ணும் பழக்கம் எங்களில் சிலருக்கு உண்டு. கணக்குக் கேட்பது கலகம் அல்ல. அது உங்கள் உரிமை. கொடுக்காமலே கணக்குக் கேட்பதுதான் வேடிக்கை!

செலவிலும் ஒழுங்கு வேண்டும். பீடத்துக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கிவிட்டு உபதேசியாருக்கும் கோயில்பிள்ளைக்கும் குறைந்த கூலி கொடுத்தால் அந்த விளக்கு யாருக்கு வெளிச்சம் தரும்? ஆலயத்தில் கிறிஸ்துவின் உடலைப் பட்டாடையால் அலங்கரித்துவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றி நிற்கும் அதே கிறிஸ்துவைப் புறக்கணிக்காதீர்கள் என்று பொன்வாய் அருளப்பர் நான்காம் நூற்றாண்டில் மன்றாடியது நம் காலத்துக்கும் பொருந்தும்.

ஜூபிலி ஆண்டின் முடிவுகள்

இவற்றையெல்லாம் பேரவையில் இரண்டு மாலை அமர்ந்து பேசினோம். காரசாரமாகவே பேசினோம். முடிவில், ஆயர் அவர்களின் அனுமதியோடு, ஐந்து தீர்மானம் எடுத்திருக்கிறோம்.

ஒன்று: இந்தப் பொன்விழா நாள்வரை உள்ள வரிப் பாக்கி அனைத்தும் தள்ளுபடி. சிவப்பு நோட்டு மூடப்படுகிறது.

இரண்டு: ஞானஸ்நானம், கல்யாண ஓலை, அடக்கம், சான்றிதழ் எதற்கும் இனி வரி பார்க்கப்பட மாட்டாது. குருவே கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

மூன்று: ஒவ்வொரு குடும்பமும் மாதக் காணிக்கையைத் தானே மனச்சாட்சிப்படி தீர்மானித்து உறையில் வைத்துத் திருப்பலியில் கொண்டுவரும். பெயரும் தொகையும் வாசிக்கப்பட மாட்டா.

நான்கு: உண்டியலும் உறைகளும் நிதிக்குழுவினர் முன்னிலையில் எண்ணப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவு ஆலய வாசலில் ஒட்டப்படும்.

ஐந்து: பங்குக்கு வருவதில் பத்தில் ஒரு பங்கு பங்குக்கு வெளியே போகும்; ஏழை மாணவர் படிப்புக்கும் நோயாளிகளுக்கும், எந்த மதத்தவராயினும். கொடுக்கச் சொல்கிற கோயில் தானும் கொடுக்க வேண்டும் அல்லவா?

முதல் தீர்மானத்துக்குத்தான் எதிர்ப்பு மிகுதி. பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "சாமி, முப்பது வருஷமா ஒரு மாசம் தவறாம கட்டினவன் நான். அப்போ நான் ஏமாளியா?" என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. கூட்டம் அமைதியாகிவிட்டது. நான் உடனே பதில் சொல்லவில்லை. காலையிலிருந்து வெயிலில் உழைத்துவிட்டுக் கடைசி மணி வேலையாளுக்கும் அதே கூலி என்றதும் முணுமுணுத்தவர்களின் உவமையை எல்லாருமாக வாசித்தோம். பிறகு அவரிடம் சொன்னேன்: "ஐயா, நீங்கள் முப்பது ஆண்டு கட்டியதால்தான் இந்தக் கோயில் இடியாமல் நிற்கிறது. இடியாமல் நிற்கிற கோயில்தான் மற்றவர் கடனைத் தள்ளுபடி செய்ய முடியும். இந்தத் தள்ளுபடியே உங்கள் காணிக்கை."

அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அலுவலகத்துக்கு வந்து, "அந்த நோட்டை என்ன செய்யப் போறீங்க சாமி?" என்று கேட்டார். "என்ன செய்யலாம்?" என்றேன். "பொன்விழாப் பூசையில காணிக்கைப் பவனியில அப்பம் இரசத்தோட அதையும் பீடத்துக்குக் கொண்டுவரணும். நானே கொண்டுவர்றேன்" என்றார். அப்படியே நடக்கும்.

அன்பார்ந்தவர்களே, இனி உங்களைக் கட்டாயப்படுத்த என் கையில் ஒரு நோட்டும் இல்லை. இது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. மின்கட்டணம் வரும், உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சமையற்கட்டு ஓடு மழைக்கு ஒழுகுகிறது. கட்டாயம் போனால் கொடுப்பதும் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையா பொய்யா என்பதை இனிவரும் மாதங்களில் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

பாலைவனத்தில் ஆண்டவருக்குக் கூடாரம் அமைத்தபோது மோயீசன் மக்களிடம் மனமுவந்த காணிக்கை கேட்டார். உள்ளம் தூண்டியவர் கொண்டுவரலாம் என்றார். பொன்னும் வந்தது; பெண்கள் நூற்ற நூலும் வந்தது. நாள்தோறும் வந்துகொண்டே இருந்ததால், வேலைக்குத் தேவையானதைவிட மிகுதியாக இருக்கிறது என்று தொழிலாளரே வந்து முறையிட்டார்கள். இனி எவரும் கொண்டுவர வேண்டாம் என்று மோயீசன் பாளையமெங்கும் அறிவிக்க வேண்டியதாயிற்று. யாத்திராகமம் முப்பத்தாறாம் அதிகாரத்தில் இருக்கிறது. இப்படி ஓர் அறிவிப்பைச் செய்யும் பாக்கியம் எனக்குத் தெரிந்து எந்தப் பங்குச் சாமியாருக்கும் கிடைத்ததில்லை. எனக்குக் கிடைக்குமா என்று பார்க்கிறேன்!

எல்லாம் உம்முடையது ஆண்டவரே. உம் கையிலிருந்து பெற்றதையே உமக்குத் தருகிறோம். தந்தவர் மனம் மகிழவும், பெறுகிறவர் தலை குனியாதிருக்கவும், கையாள்கிறவர் கை சுத்தமாயிருக்கவும் அருள்புரியும். நான் எழுதிக் கொடுத்த அந்த ரசீதையும் மன்னியும். ஆமென்.

மரியே வாழ்க!